ஐந்து தலைமுறைப் பதவி உயர்வு

ஹெனான் மாகாணத்தில் குடும்பப் பெயருக்கு மூலம் தேடும் காய்ச்சல் பரவியிருந்த காலம் அது. ஒரு மாவட்டத்தார் ஆதி முன்னோர் ஒருவரைக் கண்டுபிடித்து, சிலை வைத்து, மலேசியாவிலிருந்து உறவுக்காரர்களைப் பேருந்து பேருந்தாக இறக்கிவிட்டார்கள். பக்கத்து மாவட்டத்துப் பண்பாட்டு அலுவலகம் கையைக் கட்டிக்கொண்டு இருக்குமா? கெங் குலத்தின் ஆதி முன்னோர் மூவாயிரம் வருடத்துக்கு முன் பிறந்த இடம், கெங் ஃபூலாயின் வாத்துக் குளத்துக்கு நேர் கீழே என்று அது தீவிர ஆய்வுக்குப் பின் அறிவித்தது. நெடுஞ்சாலை பக்கம், பேருந்து நிறுத்தத் தோதான இடம் என்பது ஆய்வில் கிடைத்த முக்கியமான சான்று.

ஃபூலாய்க்கு அந்தக் குளத்தை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. அலுவலகத் தலைவர் கெங் வெய்குவோ, செயலர் ஷூ மின்னோடு கரையில் வந்து நின்றபோது அவன் வாத்துகளுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தான்.

"குளத்தை மூடி மண்டபம் கட்டப்போறோம். உனக்கு எவ்வளவு பெரிய கௌரவம் தெரியுமா?" என்றார் தலைவர்.

"கௌரவத்துல வாத்து நீந்துமா?"

"நீயும் கெங், நானும் கெங். குலத்துக்காக இதுகூடச் செய்யக் கூடாதா?"

"குலமுன்னு வந்துட்டா முறைப்படி பேசு. நான் உனக்கு என்ன வேணும்?"

தலைவரின் முகம் தொங்கிப்போயிற்று. கெங் குலத்தில், சீனத்தில் எழுதும் பெயரின் நடு எழுத்தே ஆள் எந்தத் தலைமுறை என்று காட்டிக் கொடுத்துவிடும். வயதுக்கு அங்கே மதிப்பில்லை. தலைவரின் முன்னோர்கள் வசதிக்காரர்கள். மீசை முளைக்குமுன் கல்யாணம் செய்து தலைமுறைகளை மளமளவென்று ஓட்டிவிட்டார்கள். ஃபூலாயின் முன்னோர்களுக்குப் பெண் கொடுக்க ஆளில்லாமல், எல்லாரும் நரைத்த பிறகே மாப்பிள்ளை ஆனார்கள். ஆகையால் ஐம்பத்தெட்டு வயதுத் தலைவருக்கு நாற்பது வயது ஃபூலாய் தாத்தா முறை. இருக்கிறவர்களில் மூத்த வரிசையும் அவன்தான். அவன் தலையசைக்காமல் குல மண்டபத்துக்கு ஒரு செங்கல் வைக்க முடியாது.

"தாத்தா குளத்தைப் பேரன் தூர்க்கிறதா? மலேசியாக்காரங்க காறித் துப்புவாங்க" என்றான் ஃபூலாய்.

"வரேன்... தாத்தா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டுத் தலைவர் காரில் ஏறினார்.

அலுவலகம் திரும்பியதும், "இதுக்கு ஒரு வழி சொல்லும்மா" என்றார் செயலரிடம்.

ஷூ மின் கெங் குலத்தவள் இல்லை. அதனால் நிதானமாக யோசிக்க முடிந்தது. "துணைத் தலைவரா இருந்த நீங்க தலைவர் ஆகலையா ஐயா? பேரனா இருக்கிறவர் தாத்தா ஆகக் கூடாதுன்னு எந்த விதியும் இல்லையே."

மறுநாளே அலுவலகத்தின் ஆணை வந்தது. 'அன்னாரின் தன்னலமற்ற சேவையைப் பாராட்டியும் பொதுநலன் கருதியும், திரு. கெங் வெய்குவோ அவர்கள் ஐந்து தலைமுறை உயர்த்தப்படுகிறார். இது உடனடியாக அமலுக்கு வரும்.' ஃபூலாய்க்கு அவர் ஒரே இரவில் கொள்ளுத்தாத்தா ஆனார். வீட்டில்தான் கொஞ்சம் சிக்கல்.

"அப்ப நான் உனக்கு யாருடா?" என்று கேட்டார் அவருடைய அப்பா.

"எள்ளுப்பேரன்பா."

"சரி. புத்தாண்டுக்கு இனிமே நீதான் எனக்குச் சிவப்பு உறையில பணம் வச்சுத் தரணும். மறந்துடாதே."

மண்டபத் தொடக்க விழாவன்று குளம் தூர்க்கப்படும், விருந்துக்கு அதிலுள்ள வாத்துகளே வறுக்கப்படும் என்று கொள்ளுத்தாத்தாவின் உத்தரவு வந்தது.

"தலைமுறை உயர்வு கேட்டு ஊரே மனுப் போடுது. நீயும் போடேன்" என்றாள் மனைவி யூலான்.

"தாத்தாவா இருந்து என்னத்தைக் கிழிச்சேன்? போடி."

ஊரே போட்டது உண்மைதான். உயர்வு தலைவருக்கு மட்டும் சொந்தமா? கணக்கர், ஓட்டுநர், மண் அள்ளும் இயந்திரம் ஓட்டுகிறவன், எல்லாரும் கெங், எல்லாரும் உயர்ந்தார்கள். பினாங்கு வியாபாரி ஒருவர் தாராளமாக நன்கொடை கொடுத்து, ஆதி முன்னோருக்கே பெரியப்பா ஆகிவிட்டார்.

சிங்மிங் நாள், முன்னோரை வணங்கும் நாள். மூத்தோர் வரிசையில் நாற்காலி போதவில்லை. இளையோர் பாயில் ஃபூலாய் தனியாக நின்றான். தலைவர் கையெழுத்திட்ட விழா விதிகளை ஷூ மின் ஒலிபெருக்கியில் வாசித்தாள்.

"சந்ததியார் மண்டியிட்டு வணங்குவர்."

ஃபூலாய் வணங்கினான்.

"முன்னோர் உணவின் மணத்தை மட்டும் ஏற்பர். உணவைச் சந்ததியார் உண்பர்."

வறுத்த வாத்துகள் மூத்தோரின் மூக்கு வரை போய், ஃபூலாயிடம் திரும்பி வந்தன. வளர்த்த வாத்து என்ற துக்கம் இரண்டாவது தொடை வரைக்கும் இருந்தது.

"எனக்குப் பசிக்குதும்மா! நான் உயிரோடதான் இருக்கேன்!" என்றார் தலைவர்.

"ஆணைப்படி நீங்க காலமாகி ரொம்ப நாளாச்சு ஐயா" என்று சொல்லிவிட்டு ஷூ மின் அடுத்ததை வாசித்தாள். "குளத்தில் முதல் கூடை மண்ணைச் சந்ததியார் கொட்டுவர்."

ஃபூலாய் ஏப்பம் விட்டான். "தின்னது தொண்டை வரைக்கும் நிக்குது கொள்ளுத்தாத்தா. குனிய முடியல."

அன்று குளம் தப்பியது. மிச்சமிருந்த வறுத்த வாத்துகளோடு அவன் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

விடிந்தபோது குளக்கரையில் ஊரே மண்டியிட்டிருந்தது. பதவி இறக்க ஆணைகள் தயாராக இருந்தன. பினாங்குக்காரர்கூடப் பேரனுக்குப் பேரன் ஆகியிருந்தார். முன்வரிசையில் தலைவர், பத்துத் தலைமுறை இறங்கிய பணிவோடு.

"என்னடா இது கூத்து?" என்றான் ஃபூலாய்.

"சோறு சந்ததிக்குத்தான்னு நேத்துப் புரிஞ்சுது தாத்தா. யோசிச்சுப் பார்த்தா சொத்தும் சந்ததிக்குத்தான்." தலைவர் குளத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு முழங்காலாலேயே நகர்ந்து வந்து, அவன் கையைப் பாசத்தோடு பற்றிக்கொண்டார்.

"தாத்தா, உங்க உடம்பு இப்ப எப்படி இருக்கு?"