அலமாரிக் காலடியில் என் ஆராய்ச்சி

படித்த திமிர் என்று ஒன்று உண்டு. எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவைப் பற்றி முதுகலை ஆய்வு வேறு. (பின்னே, இருக்காதா?)

ஃபேஸ்புக்கில் ஒரு நேரலை செய்யச் சொன்னார் பேராசிரியை. மக்களுக்குப் புரிந்தால் ஆய்வகத்தின் ஃபேஸ்புக் பக்கம் இனி என் பொறுப்பு என்றார். அந்தப் பொறுப்புக்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன்.

மலேசியாவில் மம்பாவ் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில், கண்ணாடி அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்தேன். உள்ளே என் பட்டமளிப்புப் படம் இருந்தது. (அது தெரிய வேண்டுமே என்றுதான் அந்த இடம்.) பதினைந்து நிமிடம் செந்தமிழில் பொழிந்தேன். பார்த்தவர்கள் நாற்பது பேரிலிருந்து ஒன்பதானார்கள். அந்த ஒன்பதில் ஒருவர் பேராசிரியை.

“படித்தவர் வீட்டில் ஒரு துளி நீரும் தேங்காது” என்று முழங்கினேன்.

பக்கத்து வீட்டு மாலாக்கா கருத்துப் பெட்டியில் கேட்டார்: “அலமாரி காலுக்கு கீழ என்னா கிண்ணம் தங்கச்சி?”

முறுக்கு டின்னுக்கு எறும்பு ஏறாமலிருக்க அம்மா அலமாரியின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தியிருந்தார். சிரித்துக்கொண்டே கேமராவைக் கீழே திருப்பினேன். கிண்ணத்தில் கொசுப்புழுக்கள் குத்தாட்டம் போட்டுக்கொண்டிருந்தன.

“இது... ஆய்வுக்கான மாதிரி நீர்” என்றேன்.

அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு வந்தார். “என்னாடி ஆய்வு? தீபாவளிக்கு ஊத்துன தண்ணிலா அது!” கைப்பேசியைப் பிடுங்கினார். “இந்தாங்க, எல்லாரும் அவங்கவங்க அலமாரிய குனிஞ்சு பாருங்க. கொசுவுக்கே படிக்கிற புள்ள வீட்டுல இவ்ளோ இருக்கு. ஒங்க வீட்டுல இல்லாமயா போகும்?”

அவ்வளவுதான். பார்ப்பவர்கள் மளமளவென்று ஏறினார்கள். “எங்க வீட்டுலயும் இருக்கு!” “ஐயோ, எங்க வீட்டுலயும்லா!” செனாவாங், அம்பாங்கான் என்று சுற்று வட்டார ஊர்களிலிருந்தெல்லாம் புழுப் படங்களாக வந்து குவிந்தன.

மறுநாள் பேராசிரியை அழைத்தார். பக்கம் எனக்குத்தான். ஒரே நிபந்தனை: அம்மா பேச வேண்டும், நான் கைப்பேசியைப் பிடிக்க வேண்டும்.

இரண்டு வருடம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. “வீடியோல பேசுற அக்கா எங்க இருக்காங்க?” என்று நேரே அடுப்படிக்குப் போய் அம்மாவின் தோளில் கை போட்டுப் படம் எடுக்கச் சொன்னார். அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்தவள் பட்டுப்புடவையில் நின்ற நான்தான்.

இன்றும் ஏதாவது சண்டையென்றால் என் கணவர் ஆரம்பித்துவிடுவார்: “ஏய், நாங்க ஒன்னையா பாக்க வந்தோம்?”