கம்பளிக்குள் முளைத்த பயறு

டென்மார்க்குக்கு வந்த எங்கள் ஆட்கள் முதலில் படிக்கும் டேனிஷ் சொல் ‘யா’. எங்கள் ‘ஓம்’, அதாவது ஆமாம் என்று அர்த்தம். விளங்கினாலும் யா, விளங்காவிட்டாலும் யா. நான் மாட்டிக்கொண்ட கேள்வி மட்டும் எனக்கு நன்றாகவே விளங்கியது.

விபோர்க் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். “தைக்கத் தெரியுமா?” என்று கேட்டார் பொறுப்பாளர் பிர்கிற்.

“யா.”

(அதுவரை நான் தைத்தது ஒரே ஒரு சட்டைப் பொத்தான். சட்டையைப் போட்டுக்கொண்டே தைத்ததில் பெனியனும் சேர்ந்து தைபட்டுவிட்டது.)

இல்லை என்று சொல்லப் பயம். போர் முடிந்த வருடம் அது. அம்மா வவுனியா முகாமில், முள்வேலிக்குள் இருந்தார். வெளியே விட்டதும் இங்கே கூப்பிட வேண்டும். அதற்கு எனக்கு நிரந்தர வேலை வேண்டும். பிர்கிற் சர்க்கஸில் கயிற்றில் நடக்கத் தெரியுமா என்று கேட்டிருந்தாலும் ‘யா’தான்.

இலையுதிர்கால விருந்துக்கு, மிஞ்சிய கம்பளித் துண்டுகளில் பூசணிக்காய்கள் தைக்க வேண்டுமாம். கொஞ்சம் கோணலாக, நாட்டுப்புறத்தனமாக இருந்தால்தான் அழகாம். கோணல் என் கைக்கு இயல்பாகவே வரும் என்பதால் துணிந்து மூட்டையை வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

முதல் காயைப் பார்த்த மனைவி சுபா கேட்டாள்: “என்னப்பா இது?”

“பூசணிக்காய்.”

“அதுக்கு ஏன் இடுப்பு முறிஞ்சு கிடக்குது?”

உண்மைதான். வைத்த இடத்தில் எல்லாக் காய்களும் சரிந்து விழுந்தன. அடியில் பாரம் வேண்டும். அரிசிச் சாக்கைப் பார்த்தேன்.

“அரிசியில கை வைச்சியளெண்டால் தெரியும்!”

பக்கத்தில் பயறு இருந்தது. ஒவ்வொரு காய்க்குள்ளும் ஒரு கோப்பை பயறு போட்டுத் தைத்தேன். அசையாமல் உட்கார்ந்தன. நான் ஒரு மேதை என்று அன்று நம்பினேன்.

இல்லத்தில் அவற்றை ஹீட்டருக்கு மேலே, ஜன்னலோரம், பூச்சாடிகளுக்கு நடுவே வைத்தார்கள். அங்கே இங்கர் என்றொரு கிழவி இருந்தார். சாப்பாட்டைக் கண்டால் வாயை மூடிக்கொள்வார். ஆனால் கண்ணில் பட்டதற்கெல்லாம் தண்ணீர் ஊற்றுவார். பூச்சாடிக்கு ஊற்றினார். பூசணிக்காய்க்கும் ஊற்றினார். கீழே சூடு, மேலே தண்ணீர். முளைகட்டுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

விருந்தன்று உறவினர்கள் முன்னால் பிர்கிற் பெரிய காயைப் பெருமையாகத் தூக்கினார். என் தையல் விட்டுக்கொடுத்தது. வெள்ளை வெள்ளையாக, வால் நீண்ட ஏதோ ஒன்று கொத்தாக மேசையில் இருந்த கேக்கின் மேல் கொட்டியது.

“புழு!” என்று யாரோ அலறினார்கள். ஒருவர் தன் தகப்பனைச் சக்கர நாற்காலியோடு இழுத்துக்கொண்டு ஓடினார்.

எனக்கு டேனிஷ் முழுவதும் மறந்துவிட்டது. வேலை போச்சு, அம்மாவும் வரமாட்டார். புழு இல்லை என்று காட்ட ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றேன். (கம்பளி மயிர் தொண்டையில் சிக்கியது.) பார்த்தவர்களுக்கு விளங்கியது ஒன்றுதான்: இவன் புழுவும் தின்பான்.

அப்போது இங்கர் கை தட்டினார். “ஊற்றாதே, ஊற்றாதே என்றீர்களே! பாருங்கள், வளர்ந்துவிட்டது!” என்று கேக்கிலிருந்து ஒரு முளையை எடுத்து வாயில் வைத்தார். மென்றார். இன்னொன்று எடுத்தார். கிழமைக் கணக்காகக் கெஞ்சியும் வாய் திறக்காத மனுசி! பிர்கிற் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார், பிறகு அழுதார்.

திங்கட்கிழமை கூப்பிட்டார். “உனக்கு நிரந்தர வேலை, சமையலறையில். ஊசியைத் தொட்டால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.”

முகாமிலிருந்து வெளியே வந்த அம்மாவுக்குத் தொலைபேசியில் கதை முழுவதும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா சொன்னார்:

“நாங்கள் இஞ்ச ஒரு அகப்பைப் பருப்புக்கு வரிசையில நிண்டம். நீ அங்க பயறைத் துணிக்குள்ள வைச்சுத் தைச்சனியோடா?”

பிறகு சிரித்தார். போருக்குப் பிறகு அம்மா சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

அடுத்த கோடையில் வந்து மூன்று மாதம் எங்களோடு இருந்துவிட்டுப் போனார். இன்றைக்கும், வயல் உழுது கமம் செய்யும் எங்கள் ஊர் கிளிநொச்சியில், மகனுக்கு டென்மார்க்கில் என்ன வேலை என்று யாராவது கேட்டால், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொல்கிறாராம்:

“கமம் செய்யிறான். கம்பளியில.”