முடிவுக்கு ஒட்டிய ஊதாப்பூ

கண்ணாடிக்கடைக்காரர் அந்த நாவலை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். சாவியைச் சட்டைப்பையில் போட்டார். பிறகு, புத்தகம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க இழுப்பறையைத் திறந்தார். இருந்தது. மறுபடி பூட்டினார்.

“சாயங்காலம் வரைக்கும் பொறுக்க முடியாதா உங்களால?” என்றாள், பில் போட்டுக்கொண்டிருந்த மனைவி.

“நான் என்ன பண்ணேன்? பூட்டித்தானே வைக்கிறேன்?”

“பூட்டுறதுக்கு இத்தனை தடவை திறக்கணுமா?”

அவருக்கு ஒரு வியாதி உண்டு. எந்த நாவலானாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பார். யார் பிழைத்தார்கள், யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று தெரிந்தால்தான் முதல் பக்கத்தில் நிம்மதியாக உட்கார முடியும். அதோடு நின்றிருந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. படித்தது வயிற்றில் தங்காது, அதுதான் வினை.

டீச்சர், கேஷியரம்மா, மருந்துக்கடைக்காரர், இவர் என்று நான்கு பேர் கொண்ட வாசகர் வட்டம் ஒன்று இருந்தது. வாரம் ஒரு மாலை டீச்சர் வீட்டு மாடியில் கூடி, அவரவருக்குப் பிடித்த நாவலை மற்றவர்களுக்குக் கொடுத்துப் பேசுவார்கள். கேஷியரம்மா இரண்டாவது அத்தியாயத்தின் அழகை வர்ணித்துக்கொண்டிருப்பார். இவர் நடுவில் புகுந்து, “பாவம், அந்தப் பொண்ணு கடைசியில கிணத்துல விழப்போகுது” என்பார். மருந்துக்கடைக்காரர் ஒரு துப்பறியும் நாவலைப் பாதியில் மூடிவிட்டு இவரோடு ஒரு மாதம் பேசவில்லை.

பொறுத்துப் பார்த்த டீச்சர், யாருமே படிக்காத புது நாவல் ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கினார். கடைசி அத்தியாயத்தைப் பின்னட்டையோடு சேர்த்து, பரிசுப் பொட்டலத்துக்கு ஒட்டும் ஊதாப்பூ ஸ்டிக்கரால் மூடினார். புத்தகம் எல்லார் கைக்கும் வரும். முடிவை மட்டும் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து, பிரித்து, உரக்கப் படிக்க வேண்டும்.

“இந்தப் பூ கொஞ்சம் வாடியிருந்தாலும் சொல்லிட்டேன், உங்களுக்கு இங்க நாற்காலி கிடையாது” என்றார் டீச்சர், இவரை மட்டும் பார்த்து.

அந்த நாற்காலியை இழக்க அவருக்கு மனசில்லை. கடைக்கு வருகிறவர்கள் படிப்பதெல்லாம் கண் பரிசோதனைக்காகச் சுவரில் மாட்டிய எழுத்துப் பலகை ஒன்றைத்தான். மனைவியைப் பொறுத்தவரை புத்தகம் என்பது தூசி தட்ட வேண்டிய சாமான். அவர் பேசுவதை நான்கு வார்த்தை காது கொடுத்துக் கேட்கிற இடம் உலகத்திலேயே அந்த மாடி அறை மட்டும்தான். அது போனால் அவர் என்ன செய்வார் என்று அவருக்கே தெரியவில்லை.

அவர் லட்சணம் தெரிந்துதான் புத்தகத்தைக் கடைசியாக அவரிடம் கொடுத்தார்கள். இன்று சாயங்காலம் கூட்டம்.

நாவலும் லேசுப்பட்டதல்ல. மணிக்கூண்டுக் கடிகாரத்தைப் பழுது பார்க்கிறவன் ஒருநாள் காணாமல் போகிறான். மனைவி வருஷக்கணக்காகக் காத்திருக்கிறாள். சீல் வைத்த இடத்துக்கு முந்தின வரியில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

தட்டியது யார்? புருஷன்தானா?

தன் மனைவி சாப்பிட வீட்டுக்குப் போனதும் அவர் கை தானாகச் சாவியைத் தேடியது.

‘ஓரத்தை மட்டும் கொஞ்சம் தூக்கிப் பார்ப்போம்.’

நகத்தால் கிளப்பினார். ஸ்டிக்கர் அட்டை மாதிரி தடித்திருந்தது. மேல் பூவை உரித்தால் கீழே இன்னொரு பூ. அதற்கும் கீழே இன்னொன்று! என் ஒருத்தனுக்காக இத்தனை பூட்டா என்று அவர் பூவை முறைத்தார். ரோஷத்தில் கை இன்னும் வேகமாக வேலை செய்தது.

அடிப்பூ அசையவில்லை. கண்ணாடி பிரேமை இளக வைக்கிற சூட்டுக்காற்று மெஷினைப் போட்டு அதன்மேல் பிடித்தார். ஸ்டிக்கர் சமர்த்தாக வந்துவிட்டது. ஆனால் அத்தனை பூவின் பசையும் இளகித் தாள்களுக்குள் இறங்கிவிட்டது. கடைசி அத்தியாயம் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டது.

லென்ஸ் துடைக்கிற திரவத்தை நாலு சொட்டு விட்டார். பசை விட்டது. கூடவே மையும் விட்டது. கதவு தட்டிய சத்தத்துக்கு அப்புறம் கதை முழுக்கக் கறுப்புச் சேறு. இவ்வளவு பாவம் பண்ணியும், வந்தது யார் என்று மட்டும் தெரியவில்லை.

வெளியே சீலாவது ஒழுங்காக இருக்கட்டும் என்று ஸ்டிக்கர் வாங்க எதிரே இருக்கிற ஸ்டேஷனரி கடைக்கு ஓடினார். வார விடுமுறை, ஷட்டர் இறங்கியிருந்தது. திரும்பி வந்து, உடைந்த பிரேமை ஒட்டுகிற பசையை எடுத்துப் பழைய பூவுக்குக் கீழே தாராளமாகத் தடவி, உள்ளங்கையால் அழுத்தினார்.

“என்னங்க பண்றீங்க?”

மனைவியின் குரல் கேட்டுத் தூக்கிவாரிப் போட்டது. கையை இழுத்தார். புத்தகமும் கூட வந்தது.

“ஒட்டிக்கிச்சு” என்றார் பரிதாபமாக.

“புக்கை விடவே மாட்டேங்கிறீங்கன்னு ஒரு பேச்சுக்குத்தான் சொல்லிட்டிருந்தேன். இப்ப நெசமாவே விட முடியலையா?”

வெந்நீரில் ஊறவைத்தால் கை வரும், புத்தகம் போய்விடும். அதற்குள் மாலையும் ஆகிவிட்டது. புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடியே டீச்சர் வீட்டு மாடி ஏறினார்.

“கொண்டாங்க” என்று டீச்சர் கை நீட்டினார்.

“நானே படிக்கிறேனே டீச்சர்! என்னால எல்லாருக்கும் எத்தனை கஷ்டம்! ஒரு பிராயச்சித்தமா இருக்கட்டும்.”

டீச்சர் நெகிழ்ந்துபோனார். முற்றுப்புள்ளி கொஞ்சம் தள்ளி விழுந்தாலே கேள்வி கேட்கிறவர், சீலைச் சரியாகக்கூடப் பார்க்காமல் கத்தரிக்கோலால் ஒரே வெட்டாக வெட்டினார். மருந்துக்கடைக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேஷியரம்மா முந்தானையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். கடவுள் தன் பக்கம் இருப்பதாகக் கண்ணாடிக்கடைக்காரருக்குத் தோன்றியது.

புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கறுப்புச் சேற்றைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

“அவள் கதவைத் திறந்தாள். வாசலில்... வாசலில் அவன் நின்றிருந்தான். தலை நரைத்திருந்தது. ‘நேரம் ஆகிவிட்டதா?’ என்று கேட்டான்...”

மருந்துக்கடைக்காரருக்குப் புரையேறியது. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கேஷியரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஆனா அவன்தான் செத்து—” என்று ஆரம்பித்துப் பட்டென்று நிறுத்தினார்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

“செத்துப் பிழைச்ச மாதிரி இருக்கு எனக்கு, அதைச் சொன்னேன்” என்றார் கேஷியரம்மா.

கண்ணாடிக்கடைக்காரருக்குத் தெம்பு வந்துவிட்டது. இருவரையும் கைகோத்து மணிக்கூண்டு ஏற வைத்தார். நின்றுபோன கடிகாரத்தை ஓட வைத்தார். ஊரையே கூட்டிக் கைதட்ட வைத்துவிட்டு, “முற்றும்” என்றார்.

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அப்படியா போட்டிருக்கு?”

“ஆமா டீச்சர்.”

“அப்படியேவா?”

“எழுத்துக்கு எழுத்து.”

டீச்சர் மற்ற இருவரையும் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

“அருமை” என்றார் டீச்சர், மெதுவாக.

“நான் இப்படி முடியும்னு நினைச்சே பார்க்கலை” என்றார் மருந்துக்கடைக்காரர், மனப்பூர்வமாக.

தான் கட்டிய கதைக்கு இத்தனை பேர் வாயடைத்துப் போவார்கள் என்று கண்ணாடிக்கடைக்காரர் கனவிலும் எதிர்பார்க்கவில்லை. இத்தனை நல்லவர்களை ஏமாற்றிவிட்டோமே என்றும் உறுத்தியது. இறங்கும்போது டீச்சர் அவர் தோளைத் தட்டி, “அடுத்த நாவலுக்கு சீல் நீங்களே வைங்க. உங்களை நம்பாம யாரை நம்புறது?” என்று சொன்னபோது அந்த உறுத்தலும் இரண்டு மடங்கானது.

வெந்நீரில் கை ஊறி, உள்ளங்கைத் தோலில் பாதி புத்தகத்தோடு போனது. மறுநாள் காலை, கட்டுப் போட்ட கையோடு ஸ்டேஷனரி கடைப் படி ஏறினார். இனிமேல் நேர்மையாக இருப்பது, முதல் பக்கத்திலிருந்து படிப்பது என்று முடிவே பண்ணியிருந்தார்.

“அண்ணே, ஊதாப்பூ ஸ்டிக்கர் ஒண்ணு குடுங்க.”

கடைக்காரர் ஸ்டிக்கரை எடுத்து நீட்டினார்.

“டீச்சரம்மா முதல்ல ஒண்ணு வாங்கிட்டுப் போனாங்க, மறுநாளே ஓடி வந்து இன்னொண்ணு. அப்புறம் மருந்துக்கடைக்காரரு, அப்புறம் கேஷியரம்மா. நீங்க மட்டும் இன்னும் வரலியேன்னு பார்த்துட்டே இருந்தேன் சார்... பாவம், கதவைத் தட்டுனது புருஷன் இல்லையாமே, செத்துப்போன சேதி சொல்ல வந்த ஆளாமே?”