ரசலையனுக்குப் போட்ட பிளாக்செயின் பூட்டு

வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பவர்களை உங்களுக்குத் தெரியும். அவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. இங்கே பேச்சு வேறொரு இனத்தைப் பற்றி: பெற்ற அப்பனுடைய சர்க்கரை அளவுக்கே பூட்டுப் போட்டு இழுத்துப் பார்க்கிற தரவுக் காவலர். ஊருக்கு ஒருவராவது இருப்பார். பூதப்பாண்டிப் பக்கத்துக்கு எபிசன்.

பிறவியிலேயே அவர் இப்படி அல்ல. திருவனந்தபுரத்தில் கணினி வேலை, வாரக் கடைசியில் வீடு என்று ஒழுங்காகத்தான் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா பூங்கனி எழுதிக் கொடுத்த ஜெபக் குறிப்பைச் சபை ஊழியர் ஒலிபெருக்கியில் வாசித்தார்: "சகோதரர் ரசலையனுக்கு மூலவியாதியில் சுகம் கிடைக்க ஜெபிப்போம்." அப்பா ரசலையன் கண்ணை மூடி ஆமென் சொன்னார். மகனுக்குத்தான் மானம் கப்பலேறிவிட்டது.

அன்றைக்கே வேலை தொடங்கியது. குடும்பத்தின் ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே, எப்போதோ பல் பிடுங்கிய சீட்டு உட்பட அத்தனையும் கிளவுடில் ஏறின. எதை யார் ஏற்றினார்கள், யார் திறந்தார்கள் என்பதெல்லாம் பிளாக்செயின் என்கிற கணினிப் பேரேட்டில் பதிந்தன. பதிந்ததைக் கலெக்டரே வந்தாலும் அழிக்க முடியாது. திறக்க வேண்டுமானால் எபிசன், மனைவி ஷெர்லி, குவைத்தில் இருக்கும் தங்கை பிரிஜா மூவரும் கைபேசியில் சம்மதம் தர வேண்டும். நோயாளியின் சம்மதம்? அதற்கு ஒரு பொத்தான் வைக்க மறந்துவிட்டார்.

போன மாதம் ரசலையன் தோப்பில் துருப்பிடித்த ஆணியை மிதித்து, கால் வீங்கி, காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். டாக்டரம்மா வந்தார்.

"பெரியவரே, ஏதாவது மருந்து உங்களுக்கு ஒத்துக்காதா?"

ரசலையன் வாயைத் திறந்தார். எபிசன் பொத்தினார்.

"அப்பா, பறஞ்சிராதீங்க! டேட்டா வெளிய போயிரும். டாக்டர், வாயால சொன்னா ஆதாரம் கிடையாது. சிஸ்டத்துல வரும், பொறுங்க."

பக்கத்தில் நின்ற ஷெர்லி சம்மதித்தாள். பிரிஜா? குவைத்திலிருந்து குரல்தான் வந்தது: "எனக்க பிள்ளைக்க பொறந்தநாளுக்கு ஒரு போன் போட்டியா அண்ணா? இப்ப மட்டும் தங்கச்சி வேணுமோ?"

அங்கே வழக்கு நடந்தது. இங்கே காய்ச்சல் ஏறியது. டாக்டரம்மாவுக்கு வேறு நோயாளிகள் இல்லையா? பென்சிலின் எடுத்து வைக்கச் சொன்னார்.

ரசலையன் மகனின் கையைத் தட்டிவிட்டு எழுந்தார். "ஏலே, அந்த ஊசி போட்டா மூச்சு முட்டிச் சாவேன்! எனக்க உசிரு, எனக்க வாயி. நான் பறையக்கூடாதா?"

வார்டு முழுக்கக் கேட்டது. டாக்டரம்மா மருந்தை மாற்றிப் போட்டார். மனிதர் பிழைத்தார்.

அதோடு முடிந்தது என்றா நினைக்கிறீர்கள்? பிரிஜா ஒருவழியாக மனமிரங்கினாள், பக்கம் திறந்தது. எபிசன் பெருமிதத்தோடு உரக்க வாசித்தார்: "ரசலையன், வயது எழுபத்தொன்று, ஐந்து மாதக் கர்ப்பம்."

"ஐயோ, அது எனக்க பழைய ஸ்கேன்லா!" என்றாள் ஷெர்லி. "மாறி ஏத்திட்டீங்க. அழிச்சு விடுங்க."

"அழிக்க முடியாது ஷெர்லி. அதுதானே இதுக்க பெருமையே."

எபிசன் அப்பாவின் வயிற்றைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடியும் வயிற்றைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "டாக்டர், இப்ப போட்ட ஊசி கர்ப்பிணிகளுக்கு ஆவுமா?"

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இன்று காலை எழுந்ததும், ராத்திரி நன்றாகத் தூங்கினோமா என்று கையில் கட்டிய கடிகாரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர் யாராம்?