பீட்டர் வொஸ்லூவின் கால்கட்டு

பீட்டர் வொஸ்லூவைப் பார்க்க வியாழக்கிழமை நேரிலேயே வருகிறோம் என்று இரும்புக் கம்பெனியிலிருந்து எழுதிவிட்டார்கள். அப்படி ஓர் ஆள் உலகத்திலேயே இல்லை என்பதுதான் லிவுவானிக்குச் சிக்கல்.

தென்னாப்பிரிக்காவில் பொலொக்வானே நகரத்தில் சொந்த அலுவலகம் வைத்துப் பாலங்கள் வடிவமைப்பவள் அவள். ஆனாலும் போன் செய்தவர்களெல்லாம், "இன்ஜினியர்கிட்ட குடும்மா" என்றார்கள். நான்தான் இன்ஜினியர் என்றால் சிரித்தார்கள். கறுப்புப் பெண் என்று தெரிந்ததும் கணக்கை வேறு யாரிடமாவது சரிபார்க்கச் சொன்னார்கள். ஒருநாள் எரிச்சலில் கடிதத்தின் அடியில் ஒரு வெள்ளைக்காரப் பெயரைத் தட்டிவிட்டாள். மதியமே பதில் வந்தது. அன்றிலிருந்து பீட்டருக்கு ஏறுமுகம்தான்.

பாலம் கட்டும் அந்த இரும்புக் கம்பெனியின் ஹென்றிக் மட்டும் வேறு மாதிரி. அவள் கணக்கை வரிவரியாகப் படித்து எழுதுவார். 'வெயிலில் இரும்பு விரிவதற்கு எவ்வளவு அழகாக இடம் விட்டிருக்கிறீர்கள், பீட்டர்!' இந்த வரி படித்துப் படித்து அவளுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. ஒரே ஒருமுறை அது தன் பெயருக்கு வராதா என்று ஏங்கினாள்.

சந்திப்பைத் தவிர்க்க, பீட்டருக்குக் காய்ச்சல் என்றாள். பழக்கூடை வந்தது. கால் முறிந்துவிட்டது என்றாள். அவர்களே கிளம்பி வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

வேறு வழியில்லாமல் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் கெர்ட்டைப் பிடித்தாள். நாடக நடிகர், வேடம் கிடைத்து வெகுநாளாகிறது.

"எந்தக் கால் லிவு?"

"எதுவா இருந்தா என்ன? மாத்தி மாத்தி நொண்டாதீங்க, போதும்."

வியாழக்கிழமை ஹென்றிக் வந்தார். கூடவே ஃபைலைச் சுமந்துகொண்டு ரெஃபில்வே என்ற கறுப்புப் பெண். கெர்ட் கட்டுப்போட்ட காலை நன்றாக ஊன்றி, மற்ற காலால் நொண்டிக்கொண்டு வரவேற்றார். நல்லவேளை, ஹென்றிக் ரக்பி பேச ஆரம்பித்துவிட்டார்.

நடுவில் அவருக்கே பாலம் ஞாபகம் வந்தது. "பாலம் எப்படி இருக்கணும் பீட்டர்?"

"உறுதியா இருக்கணும்."

"அதேதான்! அதேதான்!"

இவரா அந்த வரியை எழுதினார்? இருந்தாலும் அது தன் கணக்கு என்று சொல்லிவிட லிவுவானி துடித்தாள்.

"சார், அந்த இரும்பு விரியற கணக்கு..."

"சர்க்கரை பத்தலம்மா." ஹென்றிக் டீக்கோப்பையை நீட்டினார்.

போட்டாள். உண்மையைச் சொல்லிப் பாலம் கைவிட்டுப் போனால் என்ன செய்வது?

மேசை ஓரத்தில் ரெஃபில்வே வரைபடத்தை விரித்து, ஒரு கோட்டை விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நிஜமா இதை வரைஞ்சது யாரு?"

லிவுவானி ஹென்றிக் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"பீட்டர் சார்தான்."

"ஓ." ரெஃபில்வே கெர்ட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வரைபடத்தை மடித்து வைத்துவிட்டாள்.

ஆர்டர் உறுதியானது. கார் போனதும் லிவுவானி நாற்காலியில் விழுந்தாள்.

"வேலை கிடைச்சிடுச்சு கெர்ட். ஆனா என் கணக்கைப் புரிஞ்சுக்கிட்ட ஒரே மனுஷன்கிட்ட, அது என்னோடதுன்னு சொல்ல முடியலையே."

கெர்ட் கால்கட்டை அவிழ்த்துக்கொண்டே நிமிர்ந்தார். "யாரு, அந்த ஹென்றிக்கா? அவனும் நாடகக்காரன்தான் லிவு. கை கழுவப் போனப்ப என்கிட்ட, 'உனக்கு வசனம் எழுதித் தர்றது யாருப்பா? எனக்கு அந்த ஃபைல்காரப் பொண்ணு'ன்னு கேட்டான்."