குமரேசன் பெயரில் ஏறிய என் இருபத்தெட்டு ஓட்டங்கள்

அத்தை மகன் குமரேசன் மேல் எனக்குப் பொறாமையே கிடையாது என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். பச்சைப் பொய். அவன் அழகாகப் படம் வரைந்தான், பொறாமைப்பட்டேன். சிங்களத்தில் பேசித் தெரணியகலை பஸ் கண்டக்டர்களையே சிரிக்க வைத்தான், பொறாமைப்பட்டேன். அவனுக்கு அம்மை போட்டபோது எங்கள் தேயிலைத் தோட்டமே வந்து விசாரித்தது, அதற்கும் பொறாமைப்பட்டேன். (எனக்குப் போட்டபோது வந்தது இரண்டே பேர். அதில் ஒருவர் வீடு மாறி வந்தவர்.)

அவனுக்கு வராதது ஒன்றே ஒன்றுதான், புரோகிராம் எழுதுவது. நான் அவிசாவளையில் ஆறு மாதம் வகுப்புக்குப் போய்வந்து, தோட்டத்தின் முதல் மென்பொருள் நிபுணராக என்னை நானே நியமித்துக்கொண்டேன். சித்திரை விடுமுறைக்கு எங்கள் தோட்டத்துக் கிரிக்கெட் போட்டி வந்தது. ஆளாளுக்கு அடித்த ஓட்டங்களைப் போனிலேயே பதிய ஒரு வலைத்தளம் செய்து தருகிறேன் என்று விளையாட்டுக் கழகத் தலைவரிடம் வலியப் போய்ச் சொன்னேன். வெற்றி தோல்வியை நடுவர்கள் தாளில் பார்த்துக்கொள்வார்கள். சிறந்த துடுப்பாட்டக்காரருக்கான கோப்பை யாருக்கு என்பதை மட்டும் என் தளம் சொல்லும்.

வேலை சுலபம்தான். ஒரு பக்கத்தில் ஆடுபவரின் பெயரைத் தொட வேண்டும், அடுத்த பக்கத்தில் ஓட்டத்தைத் தொட வேண்டும். ஆனால் இந்த இரண்டு பக்கங்களையும் கவனிப்பது புரோகிராமின் தனித்தனித் துண்டுகள், ஃபங்ஷன்கள் என்பார்கள். ஒன்றில் நடந்தது மற்றதற்குத் தெரியாது. தொட்ட பெயரை ஒவ்வொரு போனுக்கும் தனியாக நினைவில் வைத்துத்தான் அடுத்த பக்கத்துக்குக் கொடுக்க வேண்டும். அந்தப் பாடம் நடந்த அன்று நான் வகுப்புக்குப் போகவில்லை. எல்லா ஃபங்ஷனுக்கும் பொதுவாக, புரோகிராமின் உச்சியில் ஒரே ஒரு மாறியை, அதாவது வேரியபிளை, வைத்து அதில் பெயரைப் போட்டுவிட்டேன். யார் கடைசியாக எந்தப் பெயரைத் தொட்டாலும் எல்லாருக்கும் அதுதான். வீட்டில் ஒற்றைப் போனில் சோதித்தபோது அற்புதமாக ஓடியது.

போட்டியன்று இரண்டு மைதானங்கள், இரண்டு போன்கள். பள்ளிக்கூட மைதானத்தில் பதிந்தது திலகா, தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்பவள். அவளை எனக்குப் பிடித்திருந்தது அப்போது யாருக்கும் தெரியாது, அவளுக்கும்தான். சொல்லிக்கொடுக்கிற சாக்கில் அரை மணி நேரம் நின்றேன். ஒவ்வொரு பந்துக்கும் பெயரைத் தொட்டுவிட்டுத்தான் ஓட்டத்தைப் போட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். (வேறு பேச்சு வரவில்லை.) பெக்டரி மைதானத்தில் பதிந்தது என் சித்தப்பா. ஆடுகிற ஆள் மாறினாலொழிய அவர் பெயரை மறுபடி தொடமாட்டார்.

அன்று எனக்குள் என்ன புகுந்ததோ தெரியாது. பெக்டரி மைதானத்தில் நான்கு சிக்ஸர், ஒரு பவுண்டரி அடித்தேன். ஒரு பந்து தேயிலைக்குள் போனது, இன்றுவரை கிடைக்கவில்லை. அதே நேரம் பள்ளிக்கூட மைதானத்தில் குமரேசன் ஆடியிருக்கிறான். மதியச் சாப்பாட்டில், மூன்று ஓட்டம்தான் அடித்தேன் மச்சான் என்று சோகமாகச் சொன்னான். எனக்குச் சோறு இரண்டு கவளம் கூடுதலாக இறங்கியது.

மாலையில் பரிசளிப்பு. தலைவர் போனைப் பார்த்து மைக்கில் வாசித்தார். சிறந்த துடுப்பாட்டக்காரர் குமரேசன், முப்பத்தொரு ஓட்டங்கள். பட்டியலில் என் பெயருக்கு நேரே பூச்சியம்.

முப்பத்தொன்றில் மூன்று போனால் இருபத்தெட்டு. அந்த நொடியே புரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் மென்பொருள் நிபுணர் ஒழிந்தார். திறக்காவிட்டால் என் ஓட்டங்களை வைத்தே, திலகா பார்க்கப் பார்க்க, இவன் கோப்பை வாங்குவான். அவளோ அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். குமரேசன் தலையைச் சொறிந்துகொண்டே மேடைக்குப் போய், ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கினேன்.

"அந்த ரன்ஸ் என்னோடதுங்க. புரோகிராம்ல பிழை இருக்கு. அங்க அவன் பேரைத் தொட்டா, இங்க நான் அடிக்கிறது அவனுக்குப் போயிருது."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவர் நிதானமாகக் கேட்டார்.

"அப்ப நாங்க அடிச்சது யாருக்குப் போச்சி?"

அவ்வளவுதான். ஆளாளுக்கு எழுந்து தங்கள் ஓட்டங்களைத் தாங்களே அறிவிக்கத் தொடங்கினார்கள். முதல் பந்திலேயே ஸ்டம்பு பறந்தவன் நாற்பது என்றான். ஒரு ஓட்டம்கூட எடுக்காமல் பந்தைத் தடுத்தே நின்றவர் பெயரில் பதினொன்று இருந்தது, அதை அவர் திருப்பித் தர மறுத்தார். இத்தனை அமளியிலும் என் பொறாமை அடங்கவில்லை. திலகா பக்கம் திரும்பி, எதற்கு ஒவ்வொரு பந்துக்கும் அவன் பெயரைத் தொட்டீர்கள் என்று கேட்டேன். மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது.

"நீங்கதானே அப்பிடித் தொடச் சொன்னீங்க," என்றாள். அதுவும் மைக்கில் விழுந்து மலை முழுக்கக் கேட்டது.

தலைவர் என்னிடமிருந்து மைக்கை வாங்கினார். இன்றைக்குச் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தது இந்தப் பிள்ளை மட்டும்தான் என்று சொல்லி, கோப்பையைத் திலகா கையில் கொடுத்து, கூட்டத்தைக் கலைத்துவிட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் குமரேசன் என் தோளில் கைபோட்டான்.

"மூணுதான் அடிச்சேன்னு சொல்லத்தான் மச்சான் மேடைக்கு வந்தேன். பெக்டரி கிரவுண்டுல நீ அடிச்சதைத்தான் எல்லாரும் பாத்தாங்களே, கோப்பையை ஒனக்குத்தான் குடுத்திருப்பாங்க. ஏன் அவசரப்பட்ட?"

நல்லவனாக இருப்பதிலும் என்னை முந்திவிட்டான் பாருங்கள். அன்று வீடு போய்ச் சேரும்வரை அதற்காகவும் பொறாமைப்பட்டேன்.

மறு வருடம் திலகா என்னைக் கட்டிக்கொண்டாள். (பாவமாக இருந்ததாம்.) கோப்பையும் அவளோடு வந்து டீவி மேசையில் உட்கார்ந்துவிட்டது. இப்போது எங்கள் மகளுக்கு ஐந்து வயது. வீட்டுக்கு யார் வந்தாலும் கையைப் பிடித்து இழுத்துப்போய் அதைக் காட்டி, எங்கம்மாதான் தோட்டத்திலேயே நல்ல பேட்ஸ்மேன் என்கிறாள். வாழ்நாளில் மட்டையைத் தொட்டிராத என் மனைவி அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்கிறாள். அப்போது அப்பா எத்தனை அடித்தார் என்று வந்தவர்கள் கேட்காமல் இருப்பதில்லை.

"அப்பா சைபர்," என்கிறாள் மகள்.