புரோக்கர் சொன்ன வீடு

"வீடு கெடைச்சுருச்சுங்க!" என்று ரூபா சாவியை ஆட்டிக் காட்டியபோது முனிராஜ் சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"யாரு புடிச்சுக் குடுத்தா?"

"யாரும் இல்ல. நானே போய்ப் பேசினேன். நடுவுல புரோக்கரே கெடையாது" என்றாள், புரோக்கரின் பெண்டாட்டி.

முனிராஜ் மைசூரில் வீட்டுப் புரோக்கர். எத்தனையோ குடும்பங்களுக்கு வீடு பிடித்துக் கொடுத்தவன், தனக்கு ஒன்று கிடைக்காமல் நாயாய் அலைந்துகொண்டிருந்தான். இருக்கிற வீட்டை மகன் கல்யாணத்துக்கு வேண்டும் என்று சொந்தக்காரர் கேட்டுவிட்டார். இந்த ஊர் வீட்டுக்காரர்கள் நாய் வளர்ப்பவனுக்குக் கொடுப்பார்கள். கெஞ்சினால் மிருதங்கம் பழகுகிறவனுக்குக்கூடக் கொடுப்பார்கள். புரோக்கர் என்றால் மட்டும் பேசிக்கொண்டிருக்கும்போதே கதவு சாத்திக்கொள்ளும்.

நியாயமாகப் பார்த்தால் அவன் பெரிய புளுகன் ஒன்றும் இல்லை. ரயில் பாதையை ஒட்டிய வீட்டை 'ஸ்டேஷன் பக்கம்' என்பான். ஜன்னல் மூடாத வீட்டைக் 'காத்தோட்டம்' என்பான். தொழிலில் எல்லாரும் சொல்வதுதான். ரூபாவுக்குத்தான் அது ஒத்துவரவில்லை. பெண் பார்க்க ஹனூருக்குப் போனபோது 'சொந்த வீடு' என்று அவன் சொன்னதும் இந்த ரகம்தான். அன்றிலிருந்து அவன் 'மழை பெய்யுது' என்றால்கூட அவள் ஜன்னலைத் திறந்து ஒரு தரம் கையை நீட்டிப் பார்த்துக்கொள்வாள்.

"எந்த வீடு?"

"குவெம்பு நகர்ல, பின்னாடி மாமரம் இருக்குதே, அந்த வீடு. சித்தையன்னு ஒருத்தருது. ரொம்ப நாளாப் பூட்டியே கெடக்குதாம். வாடகை பாதிதான் சொல்றாரு. ஏன்னுதான் தெரியல."

ஏன் என்று முனிராஜுக்குத் தெரியும். ரசம் தட்டைத் தாண்டி ஓடியது.

"அவருக்குப் புரோக்கருன்னா ஆகாதாம். நீங்க ஹெப்பாள் ஃபேக்டரில வேலைன்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்று ரூபா தரையைத் துடைத்தாள். பிறகு தலையைத் தூக்காமலேயே, "இந்த வீட்டுலருந்தும் எறங்கணும்னு சொன்னீங்கன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். அப்பறம் வர மாட்டேன்" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் அவன் சமாளித்திருப்பான். அவள் சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

அந்த வீட்டுக்குக் குடித்தனம் வராமல் அடித்தது முனிராஜேதான். 'வாடகைக்கு. புரோக்கர்கள் வர வேண்டாம்' என்று சித்தையன் வாசலில் பலகை மாட்டியதை அவன் தன் முகத்தில் மாட்டியதாகவே எடுத்துக்கொண்டான்.

பலகை மாட்டிய புதிதில், ஒரு மழை நாள் சாயங்காலம், பஸ் ஸ்டாப்பில் ஒதுங்கி நின்ற ஒரு அம்மா, "அந்த மாமரத்து வீடு காலியா தம்பி?" என்று கேட்டாள்.

"அந்த வீடா? வேண்டாங்க" என்று முனிராஜ் குரலை இறக்கினான். "அங்க செத்துப்போன பொம்பளை ஒருத்தி இருக்கறா."

"அப்படியா? எப்படி இருப்பா?"

இப்படிக் கேட்பாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. கதை கட்டுகிறவனுக்குக் கண்ணில் பட்டதுதானே சரக்கு. சுற்றுமுற்றும் பார்த்து அள்ளிப் போட்டான். "காலு எப்பவும் ஈரமா இருக்கும். ஒரு கையில மட்டும் கண்ணாடி வளையல். பின்னாடி மாமரத்தடிதான் அவ எடம். வெளக்கு வெக்கற நேரத்துக்குப் பின்வாசல்ல வந்து மோர் கேப்பா. உள்ள வான்னு யாராச்சும் கூப்பிடற வரைக்கும் படி தாண்ட மாட்டா."

"அவள யாரும் தொரத்த மாட்டாங்களா?"

"யாரால முடியும்? அது அவ வீடு மாதிரி."

"நல்லவேளை சொன்னீங்க தம்பி" என்று அந்த அம்மா மழையிலேயே இறங்கிப் போனாள்.

ஒரு ஆளை ஓட்டிவிட்ட திருப்தி அவனுக்கு. அதற்குப் பிறகு ஐ.டி. ஜோடி, வாத்தியார் குடும்பம் என்று யார் அந்த வீட்டைப் பற்றிக் கேட்டாலும் இதே கதைதான். பொய்யென்றாலும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும் என்பதில் அவனுக்கு ஒரு தொழில் சுத்தம் உண்டு.

இப்போது அந்த வீட்டுக்கு அவனே பால் காய்ச்சிக் குடிபோனான். தினமும் காலையில் டிபன் பாக்ஸோடு 'ஃபேக்டரி'க்குக் கிளம்பி, ஹெப்பாள் பஸ் ஏறி, இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கித் தன் தொழிலைப் பார்த்தான். ரூபா சந்தோஷமாக இருந்தாள். சமையலறையில் வெயில் விழுந்தது, வேலை செய்யும்போது பாடினாள். அவள் பாடுவாள் என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரியும். பாவி, இவளை இத்தனை நாள் எங்கெங்கே வைத்திருந்தோம் என்று நினைத்துக்கொண்டான்.

அந்த வாரமே பின்வாசல் படியில் ஈரக் கால்தடம் பார்த்தான். மாமரத்தடியிலிருந்து படி வரை வந்திருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை. வெளியே மண் காய்ந்து கிடந்தது.

"கொழாய் ஒழுகுது" என்று ரூபாவிடம் சொல்லித் தடத்தைத் துடைத்தான். பொய்க்குப் பொருத்தமாக ஆளைக் கூப்பிட்டு, ஒழுகாத குழாயைக் கழற்றிப் புதுக் குழாய் போட்டான். புதுக் குழாய் நிஜமாகவே ஒழுக ஆரம்பித்தது. அதற்குப் பிறகு எது குழாய்த் தண்ணீர், எது கால்தடம் என்று அவனுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து ரூபாவே ஆரம்பித்தாள்.

"இங்க ஒரு அக்கா சிநேகமாயிருக்காங்க. சாயங்காலமானா வர்றாங்க. என்ன கேக்கறாங்கன்னு நெனைக்கறீங்க?"

முனிராஜின் வாய் தானாகவே, "மோர்" என்றது.

"அட, எப்படித் தெரியும்?"

"வெயில் காலம். வேற என்ன கேப்பாங்க... கையில வளையல் போட்டிருக்காங்களா?"

"ஒரு கையில மட்டும். இன்னொரு கையில காணோம். எங்க இருக்கீங்கன்னேன், 'இங்கதான்'னாங்க. லிங்கம்மாவாம் பேரு."

 ஈரக்கால் அவன் வைத்தது, வளையல் அவன் போட்டது, மோர் அவன் கொடுத்தது. பெயரை மட்டும் அவன் வைக்கவே இல்லை.

அன்றைக்கு ரூபா மோர் கொடுத்த டம்ளர் படியில் இருந்தது. எடுத்துப் பார்த்தான். குடித்த தடமே இல்லாமல், உள்ளே பல வருஷத்துத் தூசி படிந்திருந்தது.

"அந்த அம்மாளச் சேத்துக்காத. திருட்டுக் கும்பலா இருக்கும்" என்றான்.

"எல்லாரும் உங்களமாதிரியாங்க?" என்றாள் ரூபா.

சரி, மோர் இல்லாவிட்டால் வர மாட்டாள் என்று கணக்குப் போட்டான். மறுநாள் காலையில் ரூபா குளிக்கப் போன சமயம் பார்த்து, உறை ஊற்றி வைத்த தயிர் முழுவதையும் கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டு, "பூனை" என்று சத்தம் போட்டுவிட்டுக் கிளம்பினான்.

சாயங்காலம் அவன் வீடு திரும்பியபோது, பின்வாசலிலிருந்து சமையலறை நடுவரைக்கும் ஈரத் தடம் இருந்தது.

"இது என்ன?"

"உங்க பூனையால எனக்கு மானம் போச்சு. அக்கா வந்து நிக்கறாங்க, ஒரு டம்ளர் மோருக்கு வழியில்ல. அப்படியே அனுப்ப முடியுமா? 'உள்ள வாங்கக்கா, காபி போடறேன்'னு கூப்பிட்டேன். எவ்வளவு சந்தோசம் அவங்களுக்கு! இத்தன நாள்ல யாருமே உள்ள கூப்பிட்டதில்லையாம்."

முனிராஜ் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டான். சமையலறையில் ஆற்றங்கரை வாசனை அடித்தது. அன்றிலிருந்து அந்த வாசனை போகவில்லை.

சொல்லால் வந்ததைச் சொல்லால்தான் ஓட்ட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. மறுநாள் டீக்கடையில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னான்: "அந்த மாமரத்து வீட்டுப் பேயி இப்ப இல்லப்பா. போயிருச்சு. எடம் சுத்தமாக் காலி!"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் சிரித்தார். "நீ காலின்னு சொன்ன எந்த வீடு காலியா இருந்திருக்கு?"

கடை பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் அவனுக்குத் தெரியாதவர்கள். ஓரத்தில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா மட்டும் அவனையே கவனமாகப் பார்த்தாள். அவள் முன்னால் டீ இல்லை.

மறுநாள் ரூபா சொன்னாள்: "நேத்து சாயங்காலம் அக்காகூட இன்னொரு அம்மா வந்தாங்க. நஞ்சம்மாவாம். பாவம், ரொம்ப நாளா எடம் தேடறாங்களாம். இங்க காலியா இருக்குன்னு டீக்கடையில யாரோ சொன்னாங்களாம்."

முனிராஜ் டீக்கடைக்கு ஓடினான். "இல்ல! அங்க எடம் இல்ல! ஃபுல்லு! யாரும் வராதீங்க!" என்று காலி பெஞ்சைப் பார்த்துக் கத்தினான். டீக்கடைக்காரர் அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, ஒரு இஞ்சி டீ போட்டுக் கொடுத்தார்.

அந்த இஞ்சி டீயைக் குடிக்கும்போதுதான் அவன் முடிவுக்கு வந்தான். ரூபா தனியாக அந்த வீட்டில் இருக்கிறாள், சுற்றிலும் செத்தவர்கள். அவள் தன்னை விட்டுப் போனாலும் சரி, உயிரோடு போகட்டும். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டியதுதான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்குள் நுழைந்து, மூச்சு வாங்கச் சொன்னான். பலகையில் ஆரம்பித்து, பேய்க் கதை, வளையல், மோர், கொட்டின தயிர், குழாய், டீக்கடை வரை ஒன்றுவிடாமல் சொன்னான். கல்யாணம் ஆனதிலிருந்து அவன் அவளிடம் கலப்படமில்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்தபோது அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

ரூபா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இந்த வீட்ட வேற பார்ட்டிக்குப் பேசிட்டீங்க. அதானே?"

"சத்தியமா இல்ல ரூபா!"

"ஊர்ல வர்றவங்கள ஓட்டறதுக்குச் சொல்ற கதைய எங்கிட்டயே சொல்றீங்க. எனக்குன்னு ஒரு வீடு அமைஞ்சா பொறுக்கலையா உங்களுக்கு?" கொடியிலிருந்து தன் சேலைகளை உருவிப் பையில் திணித்தாள். "நான் ஹனூருக்குப் போறேன். நீங்க உங்க பேயிகளோட இருங்க."

"கட்டின பொண்டாட்டி, நீயாச்சும் ஒரே ஒரு தடவ நம்பக் கூடாதா?"

"என்னிக்காச்சும் யாருகிட்டயாச்சும் நெசம் பேசியிருக்கீங்களா, நான் நம்பறதுக்கு?"

யோசித்துப் பார்த்தான், ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை.

கரண்டு போனது. பின்வாசல் தாழ்ப்பாள் தானாக விலகுகிற சத்தம் கேட்டது. ஆற்றங்கரை வாசனை வீட்டுக்குள் பரவியது.

"அம்மிணி, மோர் இருக்குதா?"

ரூபா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையைத் தோளில் மாட்டியபடியே பின்பக்கம் திரும்பினாள்.

"வாங்கக்கா, வாங்க. நல்ல நேரத்துல வந்தீங்க. நீங்க செத்துப்போனவங்களாம்! எம்புருசன் சொல்றாரு. நீங்களே கேளுங்க இந்த நியாயத்த!"

ஈரக் கால்கள் ஒவ்வொன்றாகப் படி தாண்டி உள்ளே வந்தன. சாமி விளக்கு வெளிச்சத்தில் ஒரு கை வளையல் மின்னியது. பிறகு முகம் தெரிந்தது. அந்த முகத்தை முனிராஜ் ஏற்கெனவே பார்த்திருக்கிறான். மழை பெய்த ஒரு சாயங்காலம், பஸ் ஸ்டாப்பில், இதைவிடக் கிட்டத்தில்.

லிங்கம்மா அவனைப் பார்த்து, தெரிந்தவரைப் பார்ப்பது போலச் சிரித்தாள். அப்புறம் ரூபாவின் தோளிலிருந்து பையை மெல்ல இறக்கி வைத்தாள்.

"இவரக் கோவிச்சுக்காத அம்மிணி. செத்ததுலருந்து நான் கேக்காத புரோக்கர் இல்ல, எல்லாருமே என்ன உசுரோட இருக்கறவளாட்டம் நெனச்சு அட்வான்ஸ் பேசினாங்க. மூஞ்சியப் பாத்ததுமே உள்ளத உள்ளபடி சொன்ன புரோக்கர் இவரு ஒருத்தருதான்."